புது டேப்லெட்டில் வைஃபை சரியாக எடுக்கவில்லையா?

போன் நன்றாக ஓடுகிற அதே கட்டிலில், புதிதாக வாங்கிய டேப்லெட் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டும். வீட்டில் உடனே இரண்டு தீர்ப்புகள் எழும். ஒன்று, "பீஸ் சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடு." இன்னொன்று, "நெட்காரன் ஸ்பீடைக் குறைத்துவிட்டான்." இரண்டும் சில நேரம் உண்மைதான். ஆனால் டேப்லெட்டும் நன்றாக இருந்து, நெட்டும் நன்றாக இருந்து, நடுவில் இருக்கிற சுவரிலும் காற்றிலும் காரியம் கெட்டுப்போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால், கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிட வேண்டும்.

திரையின் மேல் மூலையில் விசிறி வடிவில் தெரிகிற குறி, டேப்லெட்டுக்கும் வீட்டு ரவுட்டருக்கும் இடையே உள்ள சிக்னலைக் காட்டுகிறது. ரவுட்டருக்கு அப்பால், தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபரில் நெட் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது வேறு விஷயம். விசிறி முழுதாக நிறைந்திருக்கிறது, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் நிற்கிறது என்றால், சிக்னல் நன்றாக இருக்கிறது, நெட்தான் வரவில்லை. அதேபோல ராத்திரி எட்டு மணிக்கு டிவி, போன், டேப்லெட் எல்லாமே சேர்ந்து திணறினால், டேப்லெட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெட் கொடுக்கிறவர்களைக் கூப்பிட வேண்டியதுதான்.

அந்த விசிறியில் இத்தனை கோடு என்றால் இவ்வளவு சிக்னல் என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. எந்த அளவுக்கு எத்தனை கோடு போடுவது என்று தயாரிக்கிறவரே முடிவு செய்கிறார். போனில் மூன்று கோடு, டேப்லெட்டில் இரண்டு கோடு என்பதை மட்டும் வைத்து டேப்லெட் மட்டம் என்று சொல்லிவிட முடியாது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? ரவுட்டருக்கு எதிரே ஐந்தாறு அடி தள்ளி, நடுவில் மறைப்பு எதுவும் இல்லாமல், டேப்லெட்டையும் போனையும் ஒரே மேஜையில் வையுங்கள். இரண்டும் ஒரே வைஃபை பெயரில் இணைந்திருக்க வேண்டும். ஸ்பீட் டெஸ்ட்டை ஒன்று முடிந்த பிறகு இன்னொன்றில் ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டும் நெட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும், கணக்கு தப்பாக வரும். அப்புறம் இரண்டையும் தூக்கிக்கொண்டு தகராறு செய்கிற அறைக்குப் போய் அதையே மறுபடி செய்யுங்கள்.

இரண்டு இடத்திலும் போன் நன்றாக இருந்து, ரவுட்டர் எதிரிலேயே டேப்லெட் தடுமாறினால், டேப்லெட்டின் பக்கம் பார்க்க வேண்டும். ரவுட்டர் எதிரே இரண்டும் நன்றாக ஓடி, அறைக்குள் இரண்டும் சரிந்தால் அது வீட்டின் பிரச்சினை. எதிரே இரண்டும் நன்றாக ஓடி, அறைக்குள் டேப்லெட் மட்டும் சரிகிறது என்பதுதான் நிறையப் பேருக்கு நடக்கிறது, குழப்புவதும் அதுதான்.

டேப்லெட் பேசுவது ரவுட்டருக்குக் கேட்க வேண்டும்

வைஃபை என்றால் ரவுட்டர் அனுப்புகிறது, நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். ரேடியோவுக்கு அது சரி. வைஃபையில் ரவுட்டர் ஒரு துண்டுத் தகவலை அனுப்பினால், "வந்து சேர்ந்தது" என்று டேப்லெட் பதில் அனுப்ப வேண்டும். பதில் வரவில்லை என்றால் ரவுட்டர் அதையே மறுபடி அனுப்பும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். திருவிழாவில் கோயில் ஒலிபெருக்கி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நான்கு தெரு தள்ளியும் உங்களுக்குக் கேட்கும். அங்கிருந்து "இதோ வருகிறேன்" என்று நீங்கள் கத்துவது மைக்கின் முன்னால் இருப்பவருக்குக் கேட்காது. ரவுட்டர் சுவரில் உள்ள மின்சாரத்தில் ஓடுகிறது, பெரிய ஆன்டெனா வைத்திருக்கிறது. டேப்லெட் பேட்டரியில் ஓடுகிறது, மிச்சம் பிடித்துத்தான் பேசும். கோடுகள் காட்டுவது டேப்லெட்டுக்குக் காதில் விழுவதை மட்டும். அதனால்தான் மூன்று கோடு இருக்கும்போதே பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். வீடியோ காலில் அவர்கள் பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்கும், நாம் பேசுவது அவர்களுக்கு விட்டு விட்டுப் போகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மூலை அறையில் டேப்லெட் திணறும்போது அதற்காக ரவுட்டர் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பதால், அந்த நேரமெல்லாம் மற்றச் சாதனங்கள் காத்திருக்கும். ஹாலில் ஓடும் டிவி திடீரென்று மங்கலாவதற்குப் படுக்கையறையில் இருக்கும் டேப்லெட்டும் காரணமாக இருக்கலாம்.

டேப்லெட்டுக்குள் என்ன இருக்கிறது

ஆன்டெனா என்றதும் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியை நினைக்க வேண்டாம். டேப்லெட்டில் அது விளிம்போரம் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோகத் தகடு, ஒரு விரல் அகலம்கூட இருக்காது. முழு உலோக உடம்புக்குள் வைத்தால் அலை வெளியே போகாது. அதற்காகத்தான் உலோக முதுகு உள்ள மாடல்களில் ஒரு பிளாஸ்டிக் பட்டையோ கோடோ தெரியும். அழகுக்காகப் போட்டதல்ல, அலை வந்துபோகிற வாசல் அது. 2011 கடைசியில் வந்த ஆசுஸ் டிரான்ஸ்ஃபார்மர் பிரைம் டேப்லெட் அலுமினிய முதுகோடு மிக அழகாக இருந்தது. வைஃபையும் ஜிபிஎஸ்ஸும் சரியாக எடுக்கவில்லை என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். ஜிபிஎஸ்ஸுக்காக அந்தக் கம்பெனி வெளியே மாட்டுகிற ஒரு சின்னக் கருவியை இலவசமாகக் கொடுக்க வேண்டி வந்தது. அதற்கு முந்தைய வருஷம், 2010இல், ஐபோன் 4ஐ இடது கையில் ஒரு மாதிரி பிடித்தால் டவர் போகிறது என்று பெரிய ரகளையாகி ஆப்பிள் இலவச உறை கொடுத்தது. அது செல்போன் சிக்னல் கதை என்றாலும் பாடம் ஒன்றுதான்: உள்ளங்கை ஆன்டெனாவை மூடினால் சிக்னல் இறங்கும்.

டேப்லெட்டைப் படுக்க வைத்து இரண்டு கையாலும் இரண்டு ஓரத்தைப் பிடித்துப் படம் பார்க்கிறோம் அல்லவா, ஆன்டெனா இருப்பதும் பெரும்பாலும் அந்த மாதிரி ஓரத்தில்தான். ஒரு தடவை ஸ்டாண்டில் நிறுத்தி, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கவரையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். சாதாரண ரப்பர் கவர், ரெக்ஸின் கவர் பெரிதாக ஒன்றும் செய்யாது. உள்ளே இரும்புத் தகடு, காந்தம் வைத்த கவர்களும், கீபோர்டு சேர்ந்த கவர்களும் செய்யும். டேப்லெட்டோடு இலவசமாகக் கொடுத்தார்கள் என்று மாட்டிய கவரே வில்லனாக இருப்பதும் உண்டு.

இன்னொன்று, விலை. குறைந்த விலை டேப்லெட்டில் வைஃபைக்கு ஒரே ஒரு ஆன்டெனா இருக்கும். நல்ல போனிலும் லேப்டாப்பிலும் இரண்டு. பதினொரு அங்குலத் திரை இருப்பதால் ஆறு அங்குல போனைவிட நன்றாக எடுக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முப்பதாயிரம் ரூபாய் போனில் இருக்கிற வைஃபை சிப் பன்னிரண்டாயிரம் ரூபாய் டேப்லெட்டில் இருக்காது. பெட்டியின் பின்னால் இதைப் பெரிய எழுத்தில் போடவும் மாட்டார்கள்.

2.4, 5 என்று இரண்டு எண்கள்

ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசும்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 2.4இன் அலை நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 5இன் அலை சுமார் 6 சென்டிமீட்டர். 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும். வேகம் குறைவு, கூட்டமும் அதிகம். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் களைத்துவிடும்.

டேப்லெட் எதைப் பிடிக்கிறது என்பதில்தான் பாதிக் குழப்பம் தீரும். ஒரே ஆன்டெனா உள்ள டேப்லெட் 2.4இல், அலைவரிசையின் வழக்கமான அகலமுள்ள ஒரு தடத்தில், வைஃபை 4 என்ற பழைய தரத்தில் இணைந்தால் காகிதத்தில் உள்ள உச்ச வேகமே 72 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு 72 மெகாபிட்). கையில் கிடைப்பது அதில் பாதி என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். அதே டேப்லெட் 5இல், வைஃபை 5 தரத்தில் (இந்த 5 அலைவரிசை அல்ல, தரத்தின் எண்) இணைந்தால் உச்சம் 433. இரண்டு ஆன்டெனா உள்ள போனுக்கு 866. ஆக, 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு டேப்லெட்டில் 35 வருகிறது என்றால் அது சிக்னல் குறைவாக இருக்க வேண்டும் என்பதில்லை, 2.4இல் மாட்டிக்கொண்டிருக்கலாம். விலை குறைந்த சில டேப்லெட்டுகளுக்கு 5 தெரியவே தெரியாது. வாங்குகிற இடத்தில் விவரப் பட்டியலில் "டூயல் பேண்ட்" (இரண்டு அலைவரிசையும் உண்டு) என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இப்போது வருகிற ரவுட்டர்கள் பல, இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரை வைத்துவிடுகின்றன. எதில் சேர்வது என்று சாதனங்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளும். போன் 5இல் ஏறிக்கொள்ளும், டேப்லெட் 2.4இல் நின்றுவிடும், நாம் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். சோதனைக்காகவாவது ரவுட்டர் செட்டிங்ஸில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். ஹாலில் 5, தூரத்து அறையில் 2.4 என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பக்கம் போகப் பயமாக இருந்தால் நெட் போட்டுக் கொடுத்தவரிடம் சொன்னாலே செய்து தருவார்.

பெயரைப் பிரித்த பிறகு 5இன் பெயர் போனில் தெரிகிறது, டேப்லெட்டில் தெரியவே இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, டேப்லெட்டுக்கு அது இல்லை. இன்னொன்று, ரவுட்டர் உட்கார்ந்திருக்கும் சேனல், அதாவது அலைவரிசைக்குள் எண் போட்டுப் பிரித்த தடம். 5இல் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களும் பயன்படுத்துகிறவை. சில மலிவான சாதனங்கள் அவற்றைத் தொடுவதில்லை. ரவுட்டரை 36 அல்லது 149க்கு மாற்றினால் பெயர் பட்டென்று முளைத்துவிடும். 2.4இலும் இப்படி ஒன்று உண்டு. இந்தியாவில் 13 சேனல் வரை போகலாம், அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். வெளிநாட்டிலிருந்து சித்தப்பா வாங்கி வந்த டேப்லெட் 12, 13ஐப் பார்க்காமல் போகலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் 2.4ஐ 1, 6, 11 என்ற மூன்றில் கூட்டம் குறைவான ஒன்றில் வைப்பது வழக்கம். இந்த மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை.

பீரோவுக்குப் பின்னால்

கோடுகளை எண்ணுவதைவிட எண்ணைப் பார்ப்பது நல்லது. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை இருப்பிட அனுமதி கேட்கும், பயப்பட வேண்டாம். சுற்றியுள்ள வைஃபை பெயர்களை வைத்தே ஓர் ஆள் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிட முடியும் என்பதால் ஆண்ட்ராய்டே போட்ட விதி அது. ஐபேடில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுடிலிட்டியை இறக்கி, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்கினால் போதும்.

எண் டிபிஎம் என்ற அளவில், மைனஸோடு வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் ஓடும். மைனஸ் 70ஐத் தாண்டினால் இழுக்கும். மைனஸ் 80 என்றால் வைஃபை பெயர் தெரியும், வேறொன்றும் நடக்காது. 10 இறங்கினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு மூன்று அறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரவுட்டர் ஹாலில் வாசல் கதவுக்கு மேலே. ஹால் சோபாவில் மைனஸ் 45. படுக்கையறை வாசலில் நின்றால், ஒரு ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டி, மைனஸ் 60. நான்கு எட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தால் மைனஸ் 75. தூரம் ஏழெட்டு அடிதான் கூடியிருக்கிறது. இவ்வளவு ஏன் விழ வேண்டும்? ரவுட்டரிலிருந்து கட்டிலுக்கு மனதில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். கோடு சரியாக ஸ்டீல் பீரோவின் நடுவில் போகும். ஹாலில் நின்ற ஆயிரம் பங்கு சிக்னலில் ஒரு பங்குதான் கட்டிலுக்கு வந்து சேர்கிறது. பீரோவைப் பக்கத்துச் சுவருக்குத் தள்ளினாலோ, தலையணையைக் கட்டிலின் மறு முனைக்கு மாற்றினாலோ எண் ஏறிவிடும். இரும்பு, கம்பி போட்ட கான்கிரீட், பின்னால் பூச்சுள்ள நிலைக்கண்ணாடி, தண்ணீர் நிறைந்த டிரம், மீன் தொட்டி, இவையெல்லாம் அலைக்கு எதிரிகள். மாடி வீட்டுக்காரர்களுக்கு நடுவில் இருக்கும் தளமே பெரிய எதிரி.

நெட் போட வந்தவர் கேபிள் எங்கே உள்ளே வந்ததோ அங்கேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு அது வசதி. வாசல் மூலையில் மாட்டிய ரவுட்டர் பாதி சிக்னலைத் தெருவுக்கு வழங்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் நீளமான கேபிள் வாங்கி வீட்டின் நடுவுக்கு, தலை உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் கொண்டுவந்து வைப்பதற்கு ஈடான வைத்தியம் வேறு இல்லை. புது ரவுட்டர் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். டிவிக்குப் பின்னால், ஷெல்ஃபுக்குள், பூஜை அறையின் பித்தளைச் சாமான்களுக்கு நடுவில் வைக்காதீர்கள். ஃபைபர் வயரைக் கூர்மையாக மடிக்கக் கூடாது, உள்ளே கண்ணாடி இழை.

ரவுட்டர் ஆன்டெனாவைத் தன் அறையைப் பார்த்து நீட்டிவைக்கிறவர்கள் நிறையப் பேர். குச்சி ஆன்டெனாவின் நுனி காட்டுகிற திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு. அலை அதன் பக்கவாட்டில்தான் சுற்றிலும் பரவும். அதே தளத்தில் உள்ள அறைக்கு வேண்டுமென்றால் நேராக நிமிர்த்தி வையுங்கள். மாடிக்கும் வேண்டும் என்றால் ஒன்றைப் படுக்க வைத்துப் பாருங்கள்.

சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் டேப்லெட் படுத்துக்கொள்கிறது என்றால் கற்பனை இல்லை. அது 2.45 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, கொஞ்சம் வெளியே கசியும். 5க்கு மாறினால் தொல்லை விட்டது. புளூடூத்தும் 2.4இல்தான் ஓடுகிறது என்பதால், ஹெட்செட் மாட்டினால் மட்டும் வைஃபை இறங்குகிற டேப்லெட்டுக்கும் இதே மருந்துதான்.

செட்டிங்ஸில் பார்க்க வேண்டியவை

இந்தப் பகுதியை யூடியூபில் எல்லோரும் சொல்லிவிடுவதால் சுருக்கமாக. புது டேப்லெட்டை முதல் நாளிலேயே எடை போடாதீர்கள். பழைய பேக்கப்பை இறக்குவது, ஒவ்வொரு செயலியையும் புதுப்பிப்பது, சிஸ்டம் அப்டேட் என்று பின்னால் ஜிபி கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ராத்திரி சார்ஜில் போட்டு வைஃபையில் விட்டுவிடுங்கள்; காலையில் பார்த்தால் பாதிப் புகார் காணாமல் போயிருக்கும். அப்டேட்டில் வைஃபை சிப்புக்கான திருத்தமும் வரலாம்.

பேட்டரி சேவரை அணைத்துவிட்டுப் பாருங்கள். விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புகிற செயலி) எதுவும் ஓடினால் நிறுத்துங்கள். வைஃபை பெயரை "மறந்துவிடு" என்று கொடுத்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட். இது படங்களையோ செயலிகளையோ தொடாது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போய்விடும். ரவுட்டரையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள். இணைப்பே கிடைக்கவில்லை, வீட்டு ரவுட்டரில் குறிப்பிட்ட சாதனங்களுக்கு மட்டும் அனுமதி என்று யாராவது பூட்டியிருக்கிறார்கள் என்றால், புதிய ஆண்ட்ராய்டும் ஐபேடும் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியை (சாதனத்தை ரவுட்டர் அடையாளம் காணும் எண்) காட்டும் என்பது நினைவிருக்கட்டும். அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் அதை அணைக்க வேண்டும்.

வீட்டில் இரண்டு ரவுட்டர் இருந்தால், கீழே பிடித்த சிக்னலை மாடிக்கு வந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சாதனங்கள் உண்டு. வைஃபையை அணைத்துப் போட்டால் பக்கத்தில் உள்ளதற்கு மாறிவிடும்.

எக்ஸ்டெண்டர் வாங்குவதா, திருப்பிக் கொடுப்பதா

இவ்வளவுக்கும் பிறகு மூலை அறைக்குச் சிக்னல் போகவில்லை என்றால் செலவு செய்துதான் ஆக வேண்டும். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புகிற, விலை குறைந்த எக்ஸ்டெண்டர் வாங்குகிறவர்கள் சிக்னல் இல்லாத அறையிலேயே அதை மாட்டுகிறார்கள். அங்கே அதற்கே ஒன்றும் கேட்காதபோது அது எதைத் திருப்பிச் சொல்லும்? ரவுட்டருக்கும் அறைக்கும் நடுவில், எண் மைனஸ் 60 அளவில் இருக்கிற இடத்தில் மாட்ட வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புகிற வகையில் வேகம் பாதியாகிவிடும். படிக்கிற பிள்ளைக்கு வகுப்பு பார்க்க அது போதும். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் மெஷ், அதாவது சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்கிற இரண்டு மூன்று கருவிகள். என்னைக் கேட்டால், ஈதர்நெட் கேபிள் ஒன்றை இழுத்து அறையில் இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுப்பதற்கு மட்டும்) வைப்பது இரண்டையும்விட உருப்படி. பார்க்க அழகாக இருக்காது, பத்து வருஷம் உழைக்கும்.

டேப்லெட்டைச் சந்தேகப்பட வேண்டிய நேரம் ஒன்றே ஒன்றுதான். கவரைக் கழற்றி, அப்டேட் முடித்து, ரவுட்டருக்கு மூன்று அடி எதிரே, ஒரே அலைவரிசையில் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன் மைனஸ் 40 காட்டும்போது டேப்லெட் மைனஸ் 45, 48 காட்டினால் அது அதன் இயல்பு. மைனஸ் 65, 70 என்று காட்டினால் உள்ளே ஆன்டெனா வயர் சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம். பின்பக்கத்தை நீங்களே திறக்கப் போகாதீர்கள், வாரண்டி போய்விடும். இரண்டு திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாமல், மாற்றித் தருவதற்குக் கொடுத்திருக்கும் கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் போய்விடுங்கள். "வைஃபை சரியில்லை" என்று சொன்னால் "எங்கள் கடையில் நன்றாக ஓடுகிறதே" என்பார். அப்போது அந்தப் படத்தைக் காட்டி, அவர் கடை ரவுட்டர் எதிரிலேயே போனையும் டேப்லெட்டையும் வைத்து அதே எண்ணை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.